படை போன பிறகு

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் வரை அந்தச் சின்ன ஊரின் தெருக்களில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் கொங்கணிக்கும் நடுவே யாழ்ப்பாணத் தமிழும் சிங்களமும் காதில் விழும். மன்னார், யாழ்ப்பாணம், சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு மடு மாதாவைப் போலவே வேளாங்கண்ணி மாதாவும் நெருக்கம். திருச்சி வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் பலர். 2023 அக்டோபர் 14 முதல், விட்டுவிட்டு ஓடினாலும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. இடையில் ஏறத்தாழ 60 கடல் மைல்.

1980களில் இதே கடலைத் தாண்டியவர்கள் வேறு காரியமாகத் தாண்டினார்கள். வேளாங்கண்ணிக்குத் தெற்கே வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இரவில் படகுகள் வரும், போகும். அன்று நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆகவில்லை. கோடியக்கரை வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டம்தான். அந்த மாவட்டத்தின் ஒரத்தநாடு வட்டாரத்தில் புளொட் என்ற ஈழப் போராளி இயக்கத்தின் முகாம்கள் இருந்தன. கும்பகோணம் பக்கம் ஈ.பி.ஆர்.எல்.எஃப். பையன்கள் பயிற்சி எடுத்தார்கள். சுற்றிலும் குறுவையும் சம்பாவும் விளைகிற வயல்கள். நடுவே, ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். ஒரத்தநாட்டு முகாம்களுக்குள் நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும் 1985இல் கோவிந்தன் எழுதிய ‘புதியதோர் உலகம்’ நாவல் வெளியே கொண்டுவந்தது. டெல்டாக்காரர்களுக்கு ஈழப் போர் பத்திரிகைச் செய்தி மட்டுமல்ல. கொல்லைப்புறத்தில் நடந்த விஷயம்.

இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனதைப் பற்றித் தமிழில் நிறையப் பேசியாயிற்று. அது திரும்பி வந்தபோது அங்கே யார் என்ன ஆனார்கள் என்று பேசியது மிகக் குறைவு. 2019 அக்டோபரில் வடசிரியாவில் அமெரிக்கப் படை ஒதுங்கிக்கொண்டது. துருக்கிப் படை குர்துகள் மீது பாய்ந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் துரோகம் என்று தலைப்புப் போட்டன. தமிழ் வாசகர்களும் குர்துகளுக்காக வருத்தப்பட்டார்கள். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், வேளாங்கண்ணிக் கடலுக்கு அந்தப் பக்கத்தில், நம் நாட்டுப் படை கிளம்பியபோது நடந்ததை அப்போது நினைவுபடுத்தியவர்கள் அரிது. இந்தக் கட்டுரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாணம் வந்து இறங்கத் தொடங்கியது. இலங்கை இராணுவத்தின் வடமராட்சித் தாக்குதலில் அடிபட்டுக் கிடந்த மக்கள் அந்தப் படையை மாலை போட்டு வரவேற்றார்கள். அந்த நல்லுறவு இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதத்தில் உயிர்விட்டார். அக்டோபர் 5 அன்று, கடலில் பிடிபட்டுப் பலாலியில் வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 புலிகள் சயனைடு கடித்து இறந்தார்கள். அக்டோபர் 10 அன்று போர். ஈழத் தமிழரைக் காக்கப் போன படை, அந்தத் தமிழரில் மிகப் பலமான இயக்கத்தோடு மோதியது.

அந்தப் போரில் இந்தியப் படை செய்ததை மூடிமறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளன்று யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்த படையினர் மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மறுபக்கம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவு வீரர்கள் 30 பேரில் 29 பேர் அங்கேயே மடிந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் போராடி இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. அவரும் தமிழர். மொத்தம் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்தத் தீவில் செத்தார்கள். எதற்காகச் செத்தார்கள் என்று அவர்கள் வீட்டாருக்கு அன்று டெல்லியில் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தின் அரசியல் பலனாக வந்தது வடகிழக்கு மாகாண சபை. 1988 நவம்பரில் தேர்தல் நடந்தது, புலிகள் புறக்கணித்தார்கள். வடக்கில் போட்டியே இல்லை, இந்திய ஆதரவு பெற்ற ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈ.என்.டி.எல்.எஃப். இரண்டும் இடங்களைப் பங்கிட்டுக்கொண்டன. கிழக்கில் மக்கள் வாக்களித்தார்கள். 71 பேர் கொண்ட சபையில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். பெரும்பான்மை பெற, டிசம்பரில் வரதராஜப் பெருமாள் திருகோணமலையில் முதலமைச்சரானார். அந்த ஆட்சிக்கு மக்கள் ஆதரவை விட இந்தியத் துப்பாக்கிகளே பெரிய துணை என்பது அதில் இருந்தவர்களுக்கே தெரியும். துப்பாக்கி போனால் ஆட்சியும் போகும்.

துப்பாக்கி போகும் நாளும் சீக்கிரமே வந்தது. 1989 ஜனவரியில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் பிரேமதாசா, ஜூன் 1 அன்று, ஜூலை 29க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். ஏற்கெனவே புலிகளோடு கொழும்பில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்தியப் படையையும் அதன் ஆதரவு இயக்கங்களையும் எதிர்க்கக் கொழும்பு அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது பிற்பாடு வெளியே வந்தது. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் இந்தியப் படையைச் சாக்காக வைத்தே வளர்ந்தது. பிரேமதாசாவுக்கு வேறு வழியும் இல்லை, பொறுமையும் இல்லை. இழுபறிக்குப் பிறகு செப்டம்பர் 18 அன்று உடன்பாடு ஏற்பட்டது. டிசம்பர் 31க்குள் முழுவதும் வெளியேற முயல்வதாக இந்தியா ஒப்புக்கொண்டது. வடகிழக்கு மக்களின் பாதுகாப்பைக் கவனிக்க ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழு, எல்லா இயக்கங்களையும் சேர்க்க ஒரு அமைதிக் குழு என்று அந்த உடன்பாட்டில் இரண்டு ஏற்பாடுகள் எழுதப்பட்டன. இரண்டும் காகிதத்தோடு நின்றன.

செப்டம்பர் 20 முதல் இந்தியப் படை தாக்குதலை நிறுத்தியது. மறுநாள் 21ஆம் தேதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் படையின் அட்டூழியங்களையும் புலிகளின் கொலைகளையும் மற்ற இயக்கங்களின் அராஜகத்தையும் ஒரே கோலால் அளந்து ‘முறிந்த பனை’ நூலில் பதிவு செய்தவர்களில் அவர் ஒருவர். கொலைப் பழி புலிகள் மீதே விழுந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 13 அன்று, மூத்த தமிழ் அரசியல் தலைவர் அமிர்தலிங்கம் கொழும்பில் அவர் தங்கியிருந்த வீட்டிலேயே கொல்லப்பட்டிருந்தார். படை கிளம்பப் போகிறது என்ற செய்தி வந்தவுடனேயே, நடுவில் நின்று பேசக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

இந்தப் பின்னணியில்தான் தமிழ்த் தேசிய இராணுவம் உருவானது. இந்தக் கதையில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட பகுதியும் இதுதான்.

இந்தியப் படை போனால் மாகாண அரசைக் காப்பாற்ற ஆள் வேண்டும். ஏற்கெனவே ஒரு தொண்டர் படை இருந்தது, அது போதாது. விரும்பி வருகிறவர்களும் இல்லை. ஆகவே 1989 நடுப்பகுதியிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் இந்த இராணுவத்துக்குப் பையன்களை வலுவில் பிடித்துக்கொண்டு போனார்கள். டியூட்டரி வாசலில், சந்திகளில், பேருந்தை மறித்து, சில இடங்களில் வீடு புகுந்து. பள்ளிச் சீருடையோடு போனவன் மாலையில் வீடு திரும்பவில்லை. பிடித்தவுடன் தலையை மொட்டையடித்தார்கள். தப்பி ஓடினாலும் யாரென்று தெரிந்துவிடும் என்பதற்காக. சில வாரப் பயிற்சி, கையில் ஒரு துப்பாக்கி, எங்கேயோ ஒரு முகாமில் காவல். ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பும் அதன் கூட்டாளிகளும் முன்னே நின்று பிடித்தார்கள். பிள்ளைபிடிகாரர் என்றே சனம் அவர்களைச் சொன்னது. ஆனால் அது இந்தியப் படையின் கட்டுப்பாட்டில் இருந்த மண். ஆயுதம் இந்தியா கொடுத்தது. சோதனைச் சாவடிகளில் நின்ற இந்திய வீரர்களுக்குத் தெரியாமல் லாரி லாரியாகப் பையன்களை ஏற்றிச் செல்ல முடியாது.

அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்து வீடுகளில் மீசை முளைக்கத் தொடங்கிய பையன்களை வெளியே விடவில்லை. வசதியுள்ளவர்கள் கொழும்புக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும். இல்லாதவர்கள் அடுப்படியிலும் அட்டாளையிலும் ஒளித்தார்கள். முகாம் வாசல்களில் தாய்மார்கள் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். முன்பு சிங்கள இராணுவம் பிடித்துப் போகுமோ என்று பயந்தவர்கள், இப்போது தமிழ் பேசுகிறவர்கள் பிடித்துப் போவார்களோ என்று பயந்தார்கள்.

அக்டோபர் இறுதியில் இந்தியப் படை அம்பாறையிலிருந்து வெளியேறியது. நவம்பரில் புலிகள் அங்கிருந்த தமிழ்த் தேசிய இராணுவ முகாம்களைத் தாக்கினார்கள். சண்டை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பையன்களுக்குச் சுடவும் தெரியாது, சுடவேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. பலர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சரணடைந்தவர்களிலும் பலர் கொல்லப்பட்டார்கள். அடுத்து மட்டக்களப்பு. படை ஒரு மாவட்டத்தைவிட்டுக் கிளம்பும், பின்னாலேயே அந்த மாவட்டம் புலிகள் கைக்குப் போகும், அங்கிருந்த பையன்கள் அடுத்த மாவட்டத்துக்கு ஓடுவார்கள். கடைசியில் ஓட இடமில்லாமல் திருகோணமலையில் குவிந்தார்கள். மொத்தம் எத்தனை பேர் பிடிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று இரு நாட்டு அரசுகளும் கணக்குச் சொன்னதில்லை.

1990 மார்ச் 1 அன்று வரதராஜப் பெருமாள் மாகாண சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 19 அம்சக் கோரிக்கைகளைக் கொழும்பு நிறைவேற்றாவிட்டால் சபையே ஈழ ஜனநாயகக் குடியரசின் அரசியல் நிர்ணய சபையாக மாறும் என்றார். காக்கப் படை இல்லாத ஓர் அரசின் கடைசி அறிவிப்பு அது. சில நாட்களில் அவர் இந்தியா வந்துசேர்ந்தார். பல ஆண்டுகள் தமிழ்நாட்டுக்கு வெகுதொலைவில், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பலத்த காவலில் வாழ்ந்தார். தளபதி கல்கத் தலைமையில் இந்தியப் படையின் கடைசிப் பிரிவு மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு நடந்தது. முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. அந்த நிலையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இன்றுவரை மேடைகளில் அதைப் பேசுகிறார்கள். அதே நாட்களில் கப்பலில் வந்த இன்னொரு கூட்டத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. மாகாண அரசோடு இருந்த இயக்கத்தினர், அவர்கள் குடும்பங்கள், கூடவே வந்த பையன்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு இடமில்லை என்று ஆனது. ஒடிசாவின் மல்கான்கிரியில், மொழி தெரியாத காட்டுப் பகுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் துரோகிகள், இந்தப் பக்கம் வேண்டாதவர்கள்.

ஜூன் 11 அன்று புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் மீண்டும் போர் வெடித்தது. கிழக்கில் சரணடைந்த போலீஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் 19ஆம் தேதி சென்னைக் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டுக்குப் பிறகு மீண்டும் தொடங்கிய அகதிகள் வரவு 1990இல் வெள்ளமானது. அந்த அலையில் மட்டும் ஏறத்தாழ 1,22,000 பேர். ஒப்பந்தத்தை நம்பி 1987க்குப் பின் ஊர் திரும்பியிருந்த 25,000 பேரிலும் பலர் மறுபடி படகேற வேண்டியிருந்தது. மன்னார்ப் பக்கத்துச் சனம் மடு மாதா கோவில் வளாகத்தில் அடைக்கலம் புகுந்தது, ஐ.நா. அகதிகள் ஆணையம் அங்கே ஒரு நிவாரண நிலையம் திறந்தது. அடுத்த ஆண்டு, 1991 மே 1 அன்று, கோடியக்கரையில் ஒரு படகிலிருந்து புலிகள் அனுப்பிய சிவராசன், தணு உள்ளிட்ட ஒன்பது பேர் இறங்கினார்கள். மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வேதாரண்யம் கடற்கரை ஊர்களில் மீன்பிடிப் படகு ஒவ்வொன்றும் சந்தேகப் பொருளானது.

இனி குர்துகள்.

துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அவர்கள். 1920இல் செவ்ரே ஒப்பந்தம் அவர்களுக்கு ஒரு நாட்டுக்கான வாய்ப்பைப் பேசியது. மூன்றே ஆண்டில் லோசான் ஒப்பந்தம் அதைக் கைவிட்டது. புதிதாகப் பிறந்த துருக்கிக் குடியரசு, குர்து என்று ஒரு இனமே இல்லை, மலைத் துருக்கியர்தான் உண்டு என்றது. குர்து மொழிக்கு இருந்த சட்டத் தடை 1991 வரை நீடித்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் பதவிப் பிரமாணத்தின் முடிவில் ஒரு வாக்கியத்தைக் குர்து மொழியில் சொன்ன லெய்லா ஸானா, பின்னால் பத்தாண்டு சிறையில் கிடந்தார். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தைத் தெரிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1978இல் அப்துல்லா ஓஜலான் தலைமையில் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி, அதாவது பி.கே.கே., தொடங்கியது. 1984 ஆகஸ்ட் 15 அன்று ஆயுதம் தூக்கியது. இருபக்கமும் சேர்த்து 40,000 உயிர்கள் போயின. பி.கே.கே.யும் பொதுமக்களைக் கொன்றது, மாற்றுக் கருத்துள்ள குர்துகளைக் கொன்றது. அதிலும் நமக்குத் தெரிந்த கதையின் சாயல் உண்டு.

வெளியாரை நம்பி ஏமாந்த அனுபவம் குர்துகளுக்கு 2019இல் முதன்முறை வாய்க்கவில்லை. 1970களில் இராக்கின் குர்துத் தலைவர் முல்லா முஸ்தபா பர்ஸானிக்கு ஈரான் மன்னர் ஷாவும் அமெரிக்காவும் ஆயுதம் கொடுத்தார்கள். 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸ் நகரில் ஷாவும் சதாம் உசேனும் எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டார்கள். உதவி உடனே நின்றது. சில வாரத்தில் குர்துப் போராட்டம் சரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈரானுக்கு ஓடினார்கள். பர்ஸானி 1979இல் வாஷிங்டனில் நோயாளியாக இறந்தார்.

சிரியாவில் நடந்தது இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது. 2014இல் கொபானி நகரை ஐ.எஸ். முற்றுகையிட்டபோது குர்து ஆண்களும் பெண்களும் தெருத் தெருவாகச் சண்டையிட்டுக் காப்பாற்றினார்கள். வானிலிருந்து அமெரிக்கா உதவியது. 2015இல் அவர்களை மையமாக வைத்து, அரபுக் குழுக்களையும் சேர்த்து, சிரிய ஜனநாயகப் படை அமைந்தது. 2017இல் ரக்காவை மீட்டார்கள். 2019 மார்ச்சில் பாகூஸில் ஐ.எஸ்.ஸின் கடைசி நிலத்துண்டும் விழுந்தது. அந்தப் போரில் தங்கள் பக்கம் 11,000 பேர் செத்ததாக அந்தப் படை சொல்கிறது. துருக்கிக்கோ அவர்கள் பி.கே.கே.யின் கிளை, தன் எல்லையில் அவர்கள் வேரூன்றுவதை அது பொறுக்கவில்லை. துருக்கியும் நேட்டோவில் அமெரிக்காவின் கூட்டாளி.

2019 ஆகஸ்டில் அமெரிக்கா ஒரு சமரசம் சொன்னது. எல்லையோரத்தில் நீங்கள் கட்டிய அரண்களை இடித்துவிடுங்கள், சுரங்கங்களை மூடுங்கள், கனரக ஆயுதங்களைப் பின்னே கொண்டுபோங்கள். துருக்கிக்குப் பயமில்லை என்று ஆகிவிட்டால் அது வராது, நாங்கள் இருக்கிறோம். குர்துகள் நம்பினார்கள். தாங்கள் தோண்டிய அகழிகளைத் தாங்களே மண்ணைத் தள்ளி மூடினார்கள். அமெரிக்க, துருக்கி வண்டிகள் அந்த எல்லையில் சேர்ந்து ரோந்து போயின. அக்டோபர் 6 அன்று டிரம்ப்பும் எர்டோகனும் தொலைபேசியில் பேசினார்கள். எல்லையில் நின்ற அமெரிக்க வீரர்கள் விலகிக்கொண்டார்கள். அக்டோபர் 9 அன்று துருக்கி விமானங்கள் குண்டு போட்டன. 12ஆம் தேதி குர்து அரசியல் தலைவி ஹெவ்ரின் கலஃப், துருக்கி ஆதரவு ஆயுதக் குழுவினரால் நெடுஞ்சாலையில் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 2 லட்சம் பேர் வீடிழந்து ஓடினார்கள். 21ஆம் தேதி, காமிஷ்லி நகர் வழியாக வெளியேறிய அமெரிக்கக் கவச வண்டிகள் மீது ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கை எறிந்தார்கள். துருக்கியின் தாக்குதலைக் கண்டு ஆழ்ந்த கவலை தெரிவித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இரண்டு கதைகளும் ஒன்றல்ல, வித்தியாசங்கள் முக்கியமானவை. இந்தியப் படை இலங்கை அரசின் ஒப்புதலோடு போய், அந்த அரசு வெளியேறச் சொன்னதால் திரும்பியது. அமெரிக்கப் படைக்கு டமாஸ்கஸின் அழைப்பு கிடையாது. அது தன் தலைவரின் முடிவால் விலகியது. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அமெரிக்கா குர்துகளில் பலமான அமைப்போடு தோளோடு தோள் நின்றது. ஆகவே கைவிடப்பட்ட பிறகும் குர்துகளிடம் பேரம் பேச ஒரு படை இருந்தது. நாலே நாளில், அக்டோபர் 13 அன்று, அவர்கள் டமாஸ்கஸோடும் ரஷ்யாவோடும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். 2025 மார்ச் 10 அன்று, அசாத் வீழ்ந்த பிறகு, அவர்களின் தளபதி மஸ்லூம் அப்தி புதிய சிரிய அரசின் தலைவரோடு சரிசமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார். அதே ஆண்டு மே மாதம் பி.கே.கே. தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. ஜூலையில் சுலைமானியாவுக்கு அருகே அதன் போராளிகள் சிலர் துப்பாக்கிகளைத் தீயிலிட்டார்கள். வடகிழக்கு இலங்கையில் இந்தியாவோ பலமான அமைப்போடு போரிட்டு, பலவீனமான அமைப்புகளுக்கு ஆயுதம் கொடுத்து, அவர்கள் கையால் மாணவர்களைப் பிடிக்கவைத்தது. படை போனதும் அவர்களிடம் பேரம் பேச ஒன்றுமில்லை. ஓடுவது மட்டுமே மிச்சம்.

இன்னொன்று, இந்தக் கரை சம்பந்தப்பட்டது. குர்துகளைச் சுற்றியுள்ள நான்கு அரசுகளும் அவர்களைக் கண்டு அஞ்சுகிறவை. ஈழத் தமிழருக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் தம் மொழி பேசும் ஒரு மாநிலம் இருந்தது. வேளாங்கண்ணியும் வேதாரண்யமும் ராமேசுவரமும் இருந்தன. எத்தனை குறைகள் இருந்தாலும் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது இந்தக் கரைதான். அதைச் சொல்லும்போதே, மல்கான்கிரிக்கு அனுப்பப்பட்டவர்களையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியப் படை திரும்பியிருக்கக் கூடாதா? திரும்பியதே சரி. இன்னும் இருந்திருந்தால் இன்னும் பல வல்வெட்டித்துறைகள் நடந்திருக்கும், இன்னும் பல நூறு வீரர்கள் செத்திருப்பார்கள். பிழை திரும்பியதில் இல்லை. போகப் போகிறோம் என்று தெரிந்த பிறகு, பதின்வயதுப் பையன்களை நம் இடத்தில் நிறுத்தப் பிடிக்க விட்டோமே, அதில்தான் பிழை. கூட வந்தவர்களை எங்கே கொண்டுபோவது, பிடிக்கப்பட்ட பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கு எப்படித் திருப்பி அனுப்புவது, சரணடைகிறவர்களுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்காமல் கப்பலேறியதில்தான் பிழை. கொழும்போடு மூன்றரை மாதம் பேரம் பேசிய டெல்லி, ஆண்டு இறுதி என்ற தேதியைத் தாண்டி மூன்று மாதம் தங்க முடிந்த டெல்லி, அந்தப் பையன்களை முகாம்களிலிருந்து விடுவித்துத் தாய்மாரிடம் ஒப்படைக்க ஒரு மாதம் ஒதுக்கியிருக்க முடியும்.

கொழும்பு அருகே ஸ்ரீ ஜெயவர்த்தனபுரக் கோட்டையில் இந்திய அமைதி காக்கும் படைக்கு நினைவிடம் உண்டு. இறந்த வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் உள்ளன. 2015இல் பிரதமர் மோடி அஞ்சலி செலுத்தினார். பலாலியிலும் ஒரு நினைவிடம் இருக்கிறது. அது முறைதான். புலிகளில் இறந்தவர்களுக்கு ஈழத் தமிழர்கள் நவம்பர் 27 அன்று விளக்கேற்றுகிறார்கள். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் மொட்டைத் தலையோடு செத்த பையன்களுக்குக் கல்லும் இல்லை, விளக்கேற்ற ஒரு நாளும் இல்லை. இந்தியப் பக்கம் அவர்களைச் சொந்தம் கொண்டாடவில்லை. தமிழ்த் தேசியப் பக்கம் அவர்களைத் துரோகிகளின் படை என்று ஒதுக்கியது.

தமிழ்நாட்டு ஈழ அகதி முகாம்களில் இன்றும் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். டெல்டாவுக்குப் பக்கத்திலேயே திருச்சி கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை, புதுக்கோட்டை தோப்புக்கொல்லை, லேனா விலக்கு. 2021இல் தமிழக அரசு இவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, வீடுகளும் கட்டத் தொடங்கியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை மட்டும் இன்னும் வரவில்லை. 1990 அலையில் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த முகாம்களில் உள்ள வயதானவர்களில் பலருக்குப் பிடித்துச் செல்லப்பட்ட ஒரு பையனையாவது பெயர் சொல்லத் தெரியும். மகன், தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை. யாரிடம் ஆயுதம் கொடுத்தோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கு டெல்லிக் கோப்புகளில் இருக்கும். முப்பத்தைந்து ஆண்டு கடந்துவிட்ட அந்தக் கோப்புகளை இந்திய அரசு திறக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் கொட்டப்பட்டுக்கும் தோப்புக்கொல்லைக்கும் மல்கான்கிரிக்கும் மாணவர்களை அனுப்பி, ஊர்வாரியாக அந்தப் பெயர்களை எழுதி வாங்க வேண்டும். சொல்லத் தெரிந்தவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.